வெற்று எடை

தேவகோட்டை ரஸ்தா எடைமேடையில்
நாற்காலி ஒன்றுதான்.
பகலில் நான், இரவில் சந்தியாகு அண்ணன்.
அவர் குருமடத்தில் ஆறு வருடம் இருந்து
குருப்பட்டம் வாங்காமல் திரும்பியவர்.
நான் ஐயரும் தாலியும் இல்லாத கல்யாணத்துக்குப் பிறந்து
அறிவுக்கொடி என்று பெயர் வாங்கியவள்.

ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம் எங்களுக்குப் போதவில்லை.
ஆகவே, பிழையாக அச்சான சீட்டுகளின் முதுகில் எழுதி
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போவோம்.

"லாரியில் சுமை தானாக ஏறுமா, தங்கச்சி?
ஏற்றியவர் ஒருவர் வேண்டாமா?"

"ஏற்றியவரை ஏற்றியது யார் அண்ணே?
அவருக்கும் ஒரு சீட்டு போட்டீர்களா?"

"அவர் ஏறுகிறவர் இல்லை. அவரே மேடை."

இதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் கோபமாயிருந்தேன்.
மாட்டிக்கொண்டால் உவமைக்குள் நுழைந்துகொள்வது
உங்கள் ஆட்களுக்கு வழக்கம் என்று எழுதி
கிழித்துப் போட்டேன். வைத்தது இது:

"சுமையின் எடை எப்படித் தெரிகிறது நமக்கு?
ஏற்றிய வண்டியில் காலி வண்டியைக் கழித்து.
கடவுள் இருக்கிற உலகம் இது என்கிறீர்கள்.
நல்லது. அவர் இறங்கிப் போன
காலி உலகம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.
கழித்துப் பார்த்துவிடலாம்."

மூன்று நாள் பதில் இல்லை.
நான்காம் நாள், டீ கிளாஸ் வட்டம் பதிந்த சீட்டில்:
"அந்தக் கழித்தலை நீயும்தான் செய்யவில்லை.
பிறகு எப்படிப் பூஜ்யம் என்கிறாய்?"

நல்ல அடி.
அன்று அவருக்கு நாலு வெள்ளைப் பணியாரமும்
மிளகாய்த் துவையலும் மூடி வைத்துவிட்டு வந்தேன்.

பள்ளத்தூர்ப் பக்கம் டிராக்டர் கவிழ்ந்த வாரம்
கேள்வி எதுவும் எழுதவில்லை.
நடவுக்குப் போன ஐந்து பெண்களின் பெயர்களை மட்டும்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன்.
கீழே அவர் எழுதியிருந்தார்: "தெரியாது."
எல்லாச் சீட்டிலும் அந்த ஒன்றைத்தான்
வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஐப்பசியில் ஒரு காலை, நகல்களை அடுக்கும்போது
ஒரு வண்டி இடித்தது.
கானாடுகாத்தானில் பிரித்த வீட்டின் பழைய இரும்பு:
கர்டர், கிராதி, தண்ணீர்த் தொட்டி.
கணினியில் பதினொன்று டன் நானூறு.
கையால் எழுதிய சீட்டில் பத்து டன் ஐந்நூறு.
கையெழுத்து சந்தியாகு.
மகளுக்கு நர்சிங் கல்லூரி; பணம் கட்டக் கடைசித் தேதி
அதற்கு மறுநாள் என்பது எனக்குத் தெரியும்.

தொள்ளாயிரம் கிலோ.
ஒரு வரி போதும்:
"இதை எழுதும்போது உங்கள் மேடை எங்கே போயிருந்தது?"
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

ஒருவர் தவறியதால் ஒன்று இல்லையென்று ஆகிவிடாது,
அது வாதமே இல்லை. சரிதான்.
ஆனால் நான் மூடியதற்குக் காரணம் அது இல்லை.
யாரும் பார்க்காத அறையில்
நகலை மடித்து டிபன் டப்பாவுக்குக் கீழே வைத்தேன்.
வைத்த கணமே, அந்தத் தொள்ளாயிரத்தில் பாதி
என் தோளுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் கட்டைப் புரட்டினார்.
"நம்பர் ஒண்ணு குறையுதே?"
"குறையுது."
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
வெகுநேரம் நின்றார்.

காலையில் ஸ்டேப்ளருக்கு அடியில்:
"முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.
மாதம் இரண்டாயிரம் பிடித்தம்.
அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.
ஆனால் எனக்கு உறைத்தது நீ பார்த்ததுதான்.
இதை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே."

சேர்க்கவில்லை.
நகலைத் திருப்பி அடுக்கினேன், வரிசை எண்படி.

மழை பெய்தால் மேடை
காலியாக இருக்கும்போதும் இருபது கிலோ காட்டும்.
"பாரு, யாரோ நிக்கிறாங்க" என்பார்.
"தண்ணி, அண்ணே."
பட்டனை அழுத்துவார். பூஜ்யம்.
நான் குடையை விரித்து
பஸ் ஸ்டாப்புக்குப் பாதி தூரம் போய்த் திரும்பினால்
கண்ணாடிக்குள் சிவப்பாக
மறுபடி இருபது.